மறைந்த பாடகனும் வாழும் வாத்தியக் குழுவும்: டேவிட் போவி பாடல்களின் மறுவாசிப்பு குறித்துச் சில சிந்தனைகள்

பிரித்தானிய றொக் இசைப் பாடகரான டேவிட் போவி 2016ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் திகதி காலமானார். அவ்வாண்டு ஜூலை 29ஆந் திகதி, இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில், பி.பி.சி.யின் புறொம்ஸ் இசைவிழாவின் ஓர் அங்கமாக, அவருடைய பாடல்கள் புதிய வாத்திய அமைப்பில் நிகழ்த்தப்பெற்றன. ஆந்திரே டி றிடர் நெறிப்படுத்திய, பேர்ளினைத் தளமாகக் கொண்ட ஸ்ராகேஸ் குழுவினர் வாசித்தனர். மார்க் அல்மொண்ட், ஜோன் கேல் முதலியோர் பாடினர். வெகுசன இசை சாஸ்திரிய இசையின் தகுதியை எய்திவிட்டமைக்கு இத்தகைய நிகழ்ச்சிகளைச் சான்றாகக் காட்டுவோர் உளர். அக்கூற்றினுள் உறைந்திருக்கும் கருத்துநிலை நுணுகி நோக்கப்பட வேண்டியதாகும்.

மேனாட்டுச் சாஸ்திரிய இசையில் ஆக்கம் சுரக்குறிப்பிலே நிலைபெறுகின்றது. றொக் இசையின் மூலபாடமோ ஒலிப்பதிவாகும். 1977இல் மேற்கு பேர்ளினில், மதிலுக்கு அண்மையிலிருந்த ஹன்சா ஒலிப்பதிவுக்கூடத்தில் 'ஹீரோஸ்' பாடல் பதிவாகியது. தயாரிப்பாளர் ரோனி விஸ்கொன்ரி மூன்று ஒலிவாங்கிகளை வெவ்வேறு தூரங்களில் நிறுத்தினார். குரல் ஓங்கியபோதே தொலைவிலிருந்தவை திறந்துகொண்டன. இவ்வாறு மண்டபத்தின் எதிரொலியும், றொபேட் பிறிப்பின் கிற்றாரும், தொழில்நுட்ப உழைப்பும் பாடலின் பிரிக்கவியலாக் கூறுகளாயின. சுரக்குறிப்பாக மாற்றப்படும்போது மெட்டும் சொல்லும் எஞ்ச, இவற்றிற் பெரும்பகுதி கழிந்துவிடுகின்றது. 'உயர்வு' எனப்படுவதற்குள் ஓர் இழப்பும் உண்டு என்பதை மறத்தலாகாது.

பாடலைக் கேட்போரின் நிலைமையும் அவ்வாறே கழிந்துவிடுகின்றது. 1987 ஜூன் 6ஆந் திகதி மேற்கு பேர்ளினில் மதிலருகே போவி பாடினார். அந்நாட்களில் அங்கு நிகழ்ந்த இசைக்கச்சேரிகளைக் கேட்க மறுபுறத்தே திரண்ட இளைஞரைக் கிழக்கு ஜேர்மனியப் பொலிசார் கலைத்தனர். சோஷலிசத்தின் பெயரால் ஆண்ட அரசொன்று பாடலுக்கு அஞ்சியமையை மார்க்சிய விமர்சகர் மழுப்பிச் செல்லுதல் நேர்மையாகாது. அப்பாடலின் பொருள் அங்கு நின்ற மக்களாலும் ஆக்கப்பட்டது.

அவ்வாறாயின் வாத்தியக் குழுவால் ஆகக்கூடியது யாது? மூலத்தைப் போலச்செய்து, வயலின்களால் மெருகூட்டுதல் ஒரு வழி. அது இரசிகரின் நினைவேக்கத்தைத் தடவிக்கொடுப்பதோடு அமைந்துவிடும். மற்றைய வழியை அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸிடம் காணலாம். 'லோ' (1992), 'ஹீரோஸ்' (1996) என்னும் சிம்பொனிகளில் அவர் போவியும் பிறையன் ஈனோவும் ஆக்கிய இசைக்கருக்களை எடுத்துப் புதிதாக வளர்த்தார். 2019இல் லொஸ் ஏஞ்சலிசில் அரங்கேறிய 'லொட்ஜர்' சிம்பொனியிலோ பாடல்வரிகளைக் கொண்டு வேறிசை அமைத்தார். அவற்றைப் பாடியவர் 1980களில் பெனின் நாட்டைவிட்டுப் பாரிசுக்குச் சென்ற அஞ்சலிக் கிட்ஜோ. பயணத்தையும் அந்நியத்தன்மையையும் பேசும் சொற்கள் அவர் குரலில் வேறு வரலாற்றுக் கனதியைப் பெறுகின்றன.

இவையாவும் சொத்துறவுகளுக்கு அப்பாற்பட்டவையல்ல. 1997இலேயே போவியின் எதிர்கால உரிமைப்பணத்தை ஈடாகக் கொண்டு 55 மில்லியன் டொலர் பெறுமதியான கடன்முறிகள் விற்கப்பட்டன. 2022 ஜனவரியில் அவருடைய பாடல்களின் உரிமையை வோணர் சப்பல் நிறுவனம் கொள்வனவு செய்தது. அஞ்சலி நிகழ்ச்சிகள் அச்சொத்தின் பெறுமதியைப் பேணவும் உதவுகின்றன.

எனினும், கலையைச் சந்தைக்குள் முற்றாக ஒடுக்கிவிடுவது இயந்திரப்பாங்கான மார்க்சியமாகும். 1895இல் தொடங்கிய புறொம்ஸ், குறைந்த கட்டணத்தில் நின்றவாறே இசைகேட்கச் சாதாரண மக்களுக்கும் வழிசெய்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. மார்க்ஸ் இறந்த உழைப்பினையும் உயிருள்ள உழைப்பினையும் வேறுபடுத்துவார். ஒலிப்பதிவு முன்னையதாயின், மேடையில் வாசிப்போரின் உழைப்பு பின்னையது. அவ்வுழைப்பு மறைந்தவனின் பாடலைப் பிரதிசெய்வதோடு நின்றால் உரிமையாளருக்கே பணிபுரிந்ததாகும். அப்பாடலிடம் தன் காலத்தின் வினாவை எழுப்புமாயின் அதுவே மெய்யான அஞ்சலியாகும்.