மடலின் எடையை அளத்தல்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே அமைந்த மண்டகப்பட்டில், பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குகைக்கோயில் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி ஆக்கப்பட்டது அக்கோயில் என்பதை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கின்றது. இன்னது வேண்டும், இன்னது வேண்டா என எண்ணிச் செய்த வினைக்கு அது நல்லதொரு சான்று. நம் காலத்தில் எழுந்த கட்டுமானங்களுள் கண்ணுக்குப் புலனாகாத ஒன்று, மின்னஞ்சல் வழி இயங்கும் மடலாடற்குழு. அதற்கு வேண்டிய பொருள் கல்லும் மரமும் அல்ல. செய்தி செல்லும் வழியின் கொள்ளளவாகிய பட்டையகலமே. அதன் தேவையை ஒரு சிறு நிரலால் கணக்கிடும் முறையையும், அக்கணக்குத் தமிழைப் பற்றி உணர்த்துவதையும் இங்குக் காண்போம்.

உறுப்பினர் ஒருவர் பொது முகவரிக்கு ஒரு மடல் எழுதினால், அதன் படியை அனைவருக்கும் அனுப்பிவைக்கும் ஏற்பாடே மடலாடற்குழு. 1990களில் ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட், கடல் கடந்து வாழ்ந்த தமிழர் பலரை இவ்வாறு ஒரே திண்ணையில் அமர்த்தியது. திஸ்கி என்னும் தமிழ் எழுத்துக் குறியீட்டு முறை அப்பத்தாண்டின் பிற்பகுதியில் மின்னஞ்சல் விவாதங்களின் வழியே உருப்பெற்றது. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கி, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்த மதுரைத் திட்டமும் தன்னார்வலர்களின் மடல்களால் வளர்ந்ததே. திருக்குறளும் சீறாப்புராணமும் இன்று கணினித் திரையில் கிடைப்பதற்கு அத்தகைய உழைப்பே காரணம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு குழுவில் 500 உறுப்பினர்; நாளொன்றுக்கு 30 மடல்; மடலின் சராசரி அளவு 4 கிலோபைட்டு எனக் கொள்வோம். குழுவின் கணினிக்குள் வருவது 120 கிலோபைட்டு மட்டுமே. வெளியே செல்வதோ அதன் 500 மடங்கு. அதாவது 60,000 கிலோபைட்டு. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கிய காலத்தில், வினாடிக்கு 9.6 கிலோபிட் என்பது வழக்கிலிருந்த தொலைபேசித் தொடர்பு வேகங்களுள் ஒன்று. அவ்வேகத்தில் பெறுபவர் ஒருவருக்கு 100 வினாடி போதும். அனுப்பும் கணினிக்கோ ஏறத்தாழ 14 மணி நேரம் வேண்டும். எழுதுபவர் ஒரு மடலையே காண்கிறார். சுமப்பவருக்கு அது ஐந்நூறு மடல்.

சராசரியை ஊகித்தறிவதைவிட நிரலைக் கொண்டு அளப்பதே முறை. குழுவின் பழைய மடல்கள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோப்பில் சேமிக்கப்பட்டிருக்கும். நிரல் அக்கோப்பைத் திறந்து, மடல் ஒவ்வொன்றும் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் கண்டு, தலைப்பகுதி உள்ளிட்ட மொத்தப் பைட்டுகளை எண்ண வேண்டும். அனுப்பிய நாளைப் படித்து மாதவாரியாகக் கூட்ட வேண்டும். பின்னர் அவ்வம்மாதத்தில் இருந்த உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். இன்றைய எண்ணிக்கையால் பழைய மாதங்களைப் பெருக்கினால் விடை பிழைபடும்.

திருத்தங்கள் சிலவும் உண்டு. நாள் முழுதும் வந்த மடல்களை ஒரே தொகுப்பாகப் பெறும் உறுப்பினரைத் தனியே கணக்கிட வேண்டும். ஒரே நிறுவனத்தின் அஞ்சற்கணினியில் பலர் முகவரி வைத்திருப்பின், ஒரு படியே அங்குச் சென்று பலருக்குப் பிரிக்கப்படலாம். அவ்வளவிற்குச் சுமை குறையும். சேமிப்பில் இணைப்புக் கோப்புகள் நீக்கப்பட்டிருந்தால், நிரல் காட்டும் தொகை உண்மையினும் குறைவாக இருக்கும். ஆதலின் கிடைக்கும் விடை மதிப்பீடே. அஞ்சற்கணினியின் பதிவேட்டோடு ஒப்பிட்டே அதனை உறுதிசெய்தல் வேண்டும்.

திரையில் தெரியும் எழுத்துகளை எண்ணுவது போதாது. பைட்டுகளையே எண்ண வேண்டும். தமிழ் மடலுக்கு இது மிகவும் இன்றியமையாதது. 'கல்வி' என்னும் சொல்லை நோக்குவோம். நம் இலக்கணப்படி அதில் மூன்று எழுத்துகள். திஸ்கி முறையில் அது 4 பைட்டு. ஒருங்குறியில் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் ஆதலால் மொத்தம் 5 குறியீடுகள். இன்று பெருவழக்கான யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டு பெறுவதால் 15 பைட்டு. மின்னஞ்சலில் அனுப்புவதற்காக அதனைப் பேஸ்64 வடிவில் மாற்றினால் 20 பைட்டு. ஒவ்வொரு பைட்டையும் மூன்று குறிகளாக எழுதும் மற்றொரு வடிவில் 45 பைட்டு. ரோமன் எழுத்தில் எழுதினாலோ 5 பைட்டு.

இதனைக் காட்டி, தமிழ் எழுத்து மிகுந்த இடம் பிடிக்கும், ஆகவே ரோமன் எழுத்திலேயே எழுதுவோம் என்பாரும் உளர். நிரலின் விடை அதற்கு மாறாக உள்ளது. 1,500 குறியீடுகள் கொண்ட தமிழ் மடல், பேஸ்64 வடிவில் ஏறத்தாழ 6,000 பைட்டு. அதனுடன் 3 மெகாபைட்டு அளவுள்ள ஒளிப்படத்தை இணைத்தால், அப்படம் மட்டும் 4 மெகாபைட்டாகச் செல்லும். அது அறுநூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் மடல்களுக்குச் சமம். இன்னொரு காரணமும் உண்டு. மறுமொழி எழுதுவோர் முந்தைய மடல்களை நீக்காமல் கீழே அப்படியே விட்டுவிடுகின்றனர். ஓர் உரையாடலில் ஒரே அளவுள்ள மடல்கள் பத்து இவ்வாறு செல்லுமாயின், குழு சுமப்பது பத்து மடல் அன்று. ஒன்று முதல் பத்து வரை கூட்டிய 55 மடல். ஆக, பாரம் பெரும்பாலும் எழுத்தில் இல்லை. நம் பழக்கத்திலேயே உள்ளது.

மெதுவான தொலைபேசித் தொடர்புக் காலத்தில் ஒவ்வொரு பைட்டும் பணமாகவும் நேரமாகவும் உணரப்பட்டது மெய்யே. இன்று வழிகள் அகன்றுள்ளன. ஆயினும் மாத அளவைக் கணக்கிட்டுக் கைப்பேசியில் படிக்கும் மாணவரும், நெருக்கமான வலைத்தொடர்பில் இருக்கும் சிற்றூர் முதியவரும் உளர். அவர்களை எண்ணி எதனைக் குறைப்பது என்று தீர்மானிக்குமுன் அளந்து பார்ப்பதே அறம். அளவாமல் குறைக்கப் புகுந்தால், முதலில் பறிபோவது நம் எழுத்தாகவே இருக்கும்.

தமிழ் பயிலும் மாணவர் நிரல் எழுதவும் கற்க வேண்டுவது இதனாலேயே. முன்னாள் மாணவர்க்கோ ஆய்வாளர்க்கோ குழு ஒன்றைத் தொடங்குவோர், ஒரு மாத மடல்களை இவ்வாறு எண்ணிப் பார்க்கட்டும். ஒளிப்படத்தைப் பொதுவிடத்தில் வைத்து முகவரியை மட்டும் அனுப்பலாம். பழைய மடலில் வேண்டிய இரண்டு வரிகளை மட்டும் நிறுத்தலாம். தமிழைத் தமிழ் எழுத்திலேயே, தயக்கமின்றி எழுதலாம்.