உஷார்! உங்கள் வைஃபை பக்கத்து லைன் வரை போகிறது

நம் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் லைன் வீடுகளில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். வைஃபை மட்டும் நம் சுவரோடு நின்றுவிடுமா? வாசலில் நின்று போனைத் திறந்து பாருங்கள், அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். அதில் பூட்டுப் படம் இல்லாத பெயர் உங்களுடையது என்றால், முதலில் அதைக் கவனியுங்கள்.

2008 ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்பு. வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்பு டிவி சேனல்களுக்கு வந்த மிரட்டல் மெயிலைத் துரத்திய போலீஸ் போய் நின்றது நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில். அனுப்பியது அவர் அல்ல. பூட்டாமல் கிடந்த அவருடைய வைஃபையில் எவனோ புகுந்திருந்தான். மனிதர் விசாரணையில் மாட்டிக்கொண்டு அலைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பு மெயில், மும்பை செம்பூரில் ஒரு கம்பெனி வைஃபையிலிருந்து போனது. போலீஸ் கையில் இருப்பது ஐபி முகவரி. கனெக்‌ஷன் யார் பெயரிலோ அவர் கதவைத்தான் தட்டுவார்கள். "நான் இல்லீங்க சார்" என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

"நாங்க பாஸ்வேர்டு போட்டாச்சே!" சரி, எந்தப் பூட்டு? டபிள்யூஇபி என்ற பழைய முறை, நம் தங்கச் சுரங்கத்தை மூடிய அதே 2001இலேயே உடைபட்டுவிட்டது. பழைய ரூட்டரில் இன்னும் அந்தப் பெயர் தெரிந்தால் ரூட்டரையே மாற்றுங்கள்.

அடுத்த ஆபத்து, பட்டன் அமுக்கியோ பின் (PIN) நம்பர் கொடுத்தோ சேரும் டபிள்யூபிஎஸ். அந்த நம்பரில் எட்டு இலக்கம் இருப்பதால் பலமானது என்று தோன்றும். ஆனால் ரூட்டர் முதல் நான்கையும் அடுத்த மூன்றையும் தனித்தனியாகச் சரிபார்க்கிறது. எட்டாவது வெறும் சரிபார்ப்பு எண். ஆக, 11,000 முறை முயன்றாலே போதும். 2011இல் இந்த ஓட்டை வெளியே வந்தது. டபிள்யூபிஎஸ்ஸை ஆஃப் செய்துவிடுங்கள்.

ஃபைபர் போட வந்த பையன் உங்கள் மொபைல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போயிருப்பான். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ளவனுக்கு அது சில மணி நேர வேலை.

ரூட்டரைத் திருப்பினால் அடியில் ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். பூட்டு முறையில் டபிள்யூபிஏ3, அது இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று தேர்ந்தெடுங்கள். சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமான வைஃபை பாஸ்வேர்டு வையுங்கள். ரூட்டருக்குள் நுழையும் "அட்மின்" பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பெங்களூரிலிருந்து பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள், இன்று ராத்திரியே செய்துவிடுங்கள்.