சருகிடையே ஒரு பறவை

ஐதராபாத் நகரின் புறத்தே, பாறைகளும் முட்புதர்களும் நிறைந்த வெளி ஒன்றிற்கு ஏப்ரல் மாதக் காலையொன்றில் மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். முன்னே நடந்த மாணவன் அடுத்த அடியை எடுத்து வைக்க முற்பட்டான். அவன் பாதத்திற்கு ஒரு முழத் தொலைவில் கிடந்த சருகுக் குவியல் திடீரென எழுந்து பறந்தது! அவன் அலறிப் பின்வாங்கினான்.

பறந்தது சருகன்று, பக்கி என்னும் பறவை. அது சற்றுத் தொலைவில் தரையில் விழுந்து, சிறகு முறிந்ததுபோல் துடித்தது. மாணவர்கள் இரக்கத்துடன் அதனை நோக்கி ஓட முயன்றனர். "யாரும் நகராதீர்கள், கீழே பாருங்கள்" என்றேன். அம்மாணவன் கால் வைக்கவிருந்த இடத்தில், வெறுந்தரையில், பழுப்புத் திட்டுகள் கொண்ட இரண்டு முட்டைகள் இருந்தன. பறவையின் துடிப்பு, நம்மை அவற்றிடமிருந்து விலக்குவதற்கான நடிப்பே.

வந்த வழியே திரும்பி, ஒரு பாறையின் பின்னே காத்திருந்தோம். சிறிது நேரத்தில் பக்கி திரும்பி வந்து முட்டைகளின்மேல் அமர்ந்தது. அமர்ந்த இடத்தைக் கண்ணாரக் கண்டோம். ஆயினும் மறுகணம் பறவை எது, சருகு எது என எங்களால் பிரித்தறிய இயலவில்லை.

பக்கி ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் நீளமுடையது. அந்தி சாய்ந்தபின் பறந்து, தன் அகன்ற வாயால் பூச்சிகளைப் பிடித்து உண்ணும். பகலில் தரையில் அசையாது அமர்ந்திருக்கும். அது கூடு கட்டுவதில்லை. சாம்பலும் பழுப்பும் கருமையும் கலந்த இறகுகளே அதற்குக் காவல். பெரிய கண்களின் ஒளி காட்டிக் கொடுக்காதபடி, இமைகளைச் சிறு கீற்றாக மூடிக்கொள்ளும். அசைந்தால் பகைவர் கண்டுகொள்வர். ஆதலால் ஆபத்து மிக நெருங்கும்வரை அது பறப்பதில்லை.

நிறம் மட்டும் போதுமா? போதாது. ஏற்ற இடமும் வேண்டும். ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில் தரையில் முட்டையிடும் பறவைகளை ஆராய்ந்த அறிஞர்கள், பக்கி இனப் பறவை ஒவ்வொன்றும் தன் நிறத்திற்குப் பொருந்தும் இடத்தையே தேர்ந்து அமர்கிறது என 2017ஆம் ஆண்டு அறிவித்தனர்.

நாமோ சருகைக் குப்பையெனக் கருதித் தீயிடுகிறோம். சருகு எரிந்தால் பக்கியின் மறைவிடமும் எரியும். வெறுமையான நிலத்தில் அதன் அழகிய நிறம் அதற்கு உதவாது.

திரும்பும் வழியில் அம்மாணவன், "ஐயா, நான் கால் வைத்திருந்தால்?" என்று மெல்லக் கேட்டான். நான் விடை கூறவில்லை. அதன்பின் பள்ளிப் பேருந்தை அடையும்வரை, ஒவ்வோர் அடியையும் அவன் பார்த்துப் பார்த்தே வைத்தான்.

சொற்பொருள்
சருகு – உலர்ந்த இலை
அந்தி – மாலைப்பொழுது
கீற்று – மெல்லிய கோடு
புறத்தே – வெளியே

வினாக்கள்
1. பக்கி சிறகு முறிந்ததுபோல் துடித்தது ஏன்?
2. பக்கி பகலில் தன்னை எவ்வாறு மறைத்துக்கொள்கிறது?
3. சருகுகளுக்குத் தீயிடுவதால் பக்கிக்கு நேரும் கேடு யாது?

செயல்பாடு
உங்கள் தாத்தா, பாட்டியிடம் பக்கியைக் குறித்துக் கேட்டறிந்து, ஐந்து தொடர்கள் எழுதுக.