அலுவலகச் சுவரைத் தாண்டும் வரைபடம்

குடிநீர்க் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று காட்டும் வரைபடம் அலுவலகக் கணினியில் பளிச்சென்று திறக்கிறது. குழி தோண்டும் இடத்தில் நிற்கும் பொறியாளரின் செல்போனிலோ வெற்றுத் திரை. காரணம், வரைபடச் சர்வரின் முகவரி 192.168 என்று தொடங்குகிறது. அத்தகைய முகவரிகள் உள் நெட்வொர்க்குக்கு மட்டுமே உரியவை. இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது.

அதற்காக, வரைபடத்தை வழங்கும் ஜியோசர்வர் மென்பொருளின் 8080 போர்ட்டை அப்படியே திறந்துவிடுவது ஆபத்து. லாகின் செய்யாமலேயே சர்வரில் கட்டளைகளை இயக்க இடம்தரும் ஓட்டை 2024-இல் அந்த மென்பொருளில் வெளிப்பட்டது.

பாதுகாப்பான வழி, நடுவில் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸி. என்ஜின்எக்ஸ் போன்ற மென்பொருள் 443 போர்ட்டில் கோரிக்கையை வாங்கி உள்ளே அனுப்பி, விடையைத் திருப்பித் தரும். ஜியோசர்வரின் ‘பிராக்ஸி பேஸ் யூஆர்எல்’ கட்டத்தில் வெளி முகவரியை எழுதுவதும் முக்கியம். இல்லாவிட்டால் சர்வர் தன் சேவை விவரத்தில் உள் முகவரியையே கொடுத்துவிடக்கூடும், படம் வராது. நிர்வாகப் பக்கத்தை மட்டும் வெளியே விடவே கூடாது.