ரெத்தெகி ரெண்டு

பக்கத்து வீட்டுக் கார்த்திக் ஒன்பதாம் வகுப்பு. அவன் வகுப்பில் அவனையும் சேர்த்து மூன்று கார்த்திக். வருகைப் பதிவேட்டில் இனிஷியல் இருக்கிறது, பிரச்சினை இல்லை. மைதானத்தில் கேட்ச் வரும்போது ‘எம். கார்த்திக்’ என்றா கத்த முடியும்? அதனால் ஒருத்தன் நெட்டைக் கார்த்தி, ஒருத்தன் பேக்கரி கார்த்தி, இவன் வெறும் கார்த்தி. அந்த ‘வெறும்’ பெருமையா குறையா என்று அவனுக்கே இன்னும் பிடிபடவில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம், தூத்துக்குடியில் எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தவன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். வெள்ளுடை போட்ட இரண்டு பேர், ஆளைவிடப் பல மடங்கு உயரமான சுவரில் பந்தை வெறுங்கையால் அறைந்துகொண்டிருந்தார்கள். திரை ஓரத்தில் பெயரும் புள்ளியும். ‘ஒலைசோலா II’ என்று இருந்தது.

“யாரு மாமா இது, ராஜாவா? ரெண்டாம் எலிசபெத் மாதிரி நம்பர் போட்டிருக்கான்.”

ஒரு டீயில் முடிகிற கேள்வி இல்லை. இரண்டு சொன்னேன்.

முதலில் ஊர். ஸ்பெயினும் பிரான்ஸும் சேரும் இடத்தில், பிரெனீஸ் மலையின் மேற்குக் கோடியில், இரண்டு நாட்டிலும் காலை நீட்டிக்கொண்டு கிடப்பது பாஸ்க் நாடு. அவர்கள் பேசுகிற மொழிக்கு உலகத்தில் இன்றைக்கு உறவுக்கார மொழி ஒன்றுகூடக் கிடையாது. (தமிழோடு முடிச்சுப் போட்டு வாட்ஸப்பில் ஏதாவது வந்தால் நம்பவேண்டாம்.) அங்கே சுவரில் பந்தடிப்பதில் பல வகை உண்டு: மட்டை, கூடை, என்னென்னவோ. எல்லாவற்றிலும் மதிப்பு வாய்ந்தது வெறுங்கை ஆட்டம்தான். எஸ்கு பிலோத்தா என்பார்கள். எஸ்கு என்றால் கை.

ஆடுகளத்துக்கு முன்னால் ஒரு சுவர், இடப்பக்கம் ஒரு சுவர், பின்னால் ஒரு சுவர். வலப்பக்கம் திறந்தே கிடக்கும், ஜனம் உட்காருவது அங்கே. முன்சுவரிலிருந்து பின்சுவருக்கு 36 மீட்டர். சின்ன ஊர்களில் கோயில் சுவரே ஆட்டச் சுவராக இருப்பதும் உண்டு. ஒருவர் முன்சுவரில் அடிக்க வேண்டும், திரும்பி வரும் பந்து தரையில் ஒருமுறைக்கு மேல் குத்துமுன் மற்றவர் அடிக்க வேண்டும். 22 புள்ளியை முதலில் தொட்டவர் ஜெயித்தார். இடச்சுவரை உரசிக்கொண்டு வரும் பந்துக்கு இடது கைதான் போக முடியும் என்பதால், ஒரு கை மட்டும் வல்லவன் அங்கே பாதி ஆட்டக்காரன்தான்.

“ரப்பர் பந்துதானே மாமா?”

அங்கேதான் விஷயம். நடுவில் ரப்பர் குண்டு இருப்பது உண்மை. அதன்மேல் இறுகச் சுற்றிய கம்பளி நூல், அதற்கும் மேலே ஆட்டுத்தோல் தைத்திருக்கும். எடை 105 கிராமை ஒட்டி. அதாவது கிரிக்கெட் பந்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதை வெறும் உள்ளங்கையால், முழு வீச்சில், ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான தடவை. ஆட்டத்துக்கு முன் அவர்கள் கையைத் தயார் செய்வதைப் பார்த்தால் ஆஸ்பத்திரி டிரஸ்ஸிங் அறை மாதிரி இருக்கும். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மேட்டில் மெத்தென்ற சிறு துண்டுகளை வெட்டி வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டுவார்கள், அதன்மேல் இன்னொரு அடுக்கு. விரலைச் சுற்றித் தனியாக ஒரு நாடா. மடக்கி விரித்துப் பார்த்துவிட்டுப் பிரித்து மறுபடி ஒட்டுவார்கள். அப்படியும் கை வீங்கும். கை வலியால் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்த பெரிய ஆட்டக்காரர்கள் உண்டு.

மரபுப்படி இருவரும் ஒரே வெள்ளை என்பதால் ஒருவர் இடுப்பில் சிவப்புக் கச்சை, மற்றவர் இடுப்பில் நீலம். பந்தயம் கட்டுகிறவர்களுக்கு அந்த நிறம்தான் கணக்கு. தரகர் கீழே நின்று விலை கூவுவார், கூட்டத்தில் கை உயர்ந்தால் ஓட்டை போட்ட டென்னிஸ் பந்துக்குள் சீட்டைச் செருகி மேலே எறிவார். ஜெயித்த ஆட்டக்காரருக்குக் கோப்பையைவிட முக்கியம் தலையில் வைக்கிற பெரிய வட்டத் தொப்பி. அதற்கு ‘சாபெலா’ என்று பெயர். சாம்பியனைக் குறிக்கும் பாஸ்க் சொல்லுக்கே நேர்ப்பொருள் ‘தொப்பி உடையவர்’.

“தொப்பிக்காரன்!” என்றான் கார்த்தி. ஆமாம், ஆனால் அங்கே அது திட்டு இல்லை.

இப்போது நம்பருக்கு வருவோம்.

அந்த மலை ஊர்களில் ஆளைவிட வீடு பெரிது. பண்ணைவீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அதில் குடியிருப்பவரை அந்தப் பெயரால் அழைப்பார்கள், அதுவே பல குடும்பங்களுக்குக் குடும்பப் பெயராகவும் படிந்துவிட்டது. ‘எச்செ’ என்றால் வீடு, ‘பெர்ரி’ என்றால் புதிது. இரண்டும் சேர்ந்து ‘புதுவீடு’. இந்தக் குடும்பப் பெயர் அங்கே தடுக்கி விழுந்த இடமெல்லாம் உண்டு. இது தேய்ந்து வந்த ஒரு வடிவம் நவாரா பகுதியில் ஒரு கோட்டைக்குப் பெயராயிற்று. அந்தக் கோட்டையில் 1506-இல் பிறந்த பிரான்சிஸ் என்பவர் 1542-இல் இந்தக் கடற்கரைக்கே வந்து சேர்ந்தார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. கடைக்காரர் பெயர் சேவியர்.

“அப்ப எம் பேருக்கு அர்த்தம் புதுவீடா?”

“அதேதான் அண்ணாச்சி.”

“நான் இருக்கது முப்பது வருஷமா ஒழுகுத வாடகை வீடுல்லா” என்றார்.

ஒரு வீட்டின் பெயர் ஒரு புனிதரின் பெயராகி, பிறகு லட்சக்கணக்கான பேருக்கு இட்ட பெயரும் ஆகிவிட்டது. மணப்பாட்டிலும் வேம்பாரிலும் நடக்கிற சேவியர்கள் பாஸ்க் மலையில் ஏதோ ஒரு காலத்தில் கட்டிய புதுவீட்டைத் தெரியாமலே சுமந்துகொண்டு திரிகிறார்கள். எனக்கு இது எப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும்.

சரி, ஆட்டம். பெயர் குடும்பத்துடையது, ஆட்டமும் குடும்பத்துடையது என்றால் ஒரே பலகையில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருமே? அதற்குத்தான் நம்பர். முதலில் ஆட வந்தவர் I, அடுத்தவர் II. அஸ்கோய்த்தியா ஊரின் ஹுவரிஸ்தி குடும்பத்துக்கு ஆட்ட உலகில் ‘அத்தானோ’ என்று பெயர். (நம் காதுக்கு அத்தானைத் தேடுகிற மாதிரி இருக்கும்.) அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நம்பர் பத்தைத் தாண்டிப் போனது. அத்தனை பேரில் ஊர் உலகம் கொண்டாடியவர் மூன்றாமவர், 1904-இல் பிறந்த மரியானோ. 1926-இல் உச்சத்துக்கு வந்தவரை 1948-இல் மிகேல் கல்யாஸ்தெகி வீழ்த்தும்வரை யாராலும் இறக்க முடியவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மரியானோ என்றால் அங்கே யாரென்று கேட்பார்கள், அத்தானோ மூணு என்றால் எழுந்து நிற்பார்கள்.

கார்த்தி காட்டிய ஒலைசோலா II, கொய்சுவேத்தா ஊர்க்காரரான அய்மார். ஒலைசோலா I அவருடைய அண்ணன் அசியேர். வீட்டுக்கு மூத்தவர் அண்ணன்தான், ஒற்றையர் பட்டத் தொப்பி நான்கு வாங்கியவர் தம்பி. நம்பருக்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை, வந்த வரிசை மட்டும்.

எனக்குப் பிடித்த கதை ரெத்தெகி வீட்டுக் கதை. எராட்சுன் என்ற சின்ன ஊர். சித்தப்பா முறை உள்ளவர் ரெத்தெகி I, அவரும் பட்டம் வென்றவர்தான். 1954-இல் பிறந்த ஹூலியன், ரெத்தெகி II. 1980 முதல் 1988 வரை ஒன்பது வருடம் ஒற்றையர் பட்டத்தை அவர் யாருக்கும் விடவில்லை. பிறகு 1990, 1993. ஆக மொத்தம் பதினொரு தொப்பி.

அவர் மகனும் ஆட வந்தார். அவர் பெயர் ஹூலென். ஹூலியன் ஸ்பானிய வடிவம், ஹூலென் அதே பெயரின் பாஸ்க் வடிவம். பிராங்கோ ஆட்சியில் 1938-இல் வந்த உத்தரவு, பிள்ளைகளுக்கு ஸ்பானியப் பெயர்தான் பதிய வேண்டும் என்றது. வீட்டில் மிக்கெல் என்று கூப்பிட்டாலும் பதிவேட்டில் மிகேல் ஆகிவிடுவான். 1977-இல் சட்டம் மாறியபிறகுதான் பாஸ்க் பெயர்களைப் பதிய வழி பிறந்தது. அதன்பின் அசியேரும் அய்மாரும் உனாயும் ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று மூன்று பேர் ஆனார்கள், நம்மூர் கார்த்திக் மாதிரி.

அப்பா பெயரே மகனுக்கும், மொழி மட்டும் மாறியது. நம்பருக்கு என்ன செய்வது? மகனை ‘ரெத்தெகி பி’ என்றார்கள். பி என்பது ஆங்கில எழுத்து இல்லை. பாஸ்க் மொழியில் இரண்டு. அப்பா ரோமன் எழுத்தில் இரண்டு, மகன் தாய்மொழியில் இரண்டு.

கார்த்தி கொஞ்ச நேரம் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எங்க தாத்தா பேரும் கார்த்திகேயன்தான் மாமா. அதான் எனக்கு வச்சாங்க.”

“பேரன்னா சும்மாவா? பெயரன்தான் பேரன் ஆச்சு. தாத்தா பேரைத் தூக்கிட்டு வர்றவன்.”

“அப்ப நான் வெறும் கார்த்தி இல்ல. கார்த்தி ரெண்டு.” திங்கட்கிழமை வகுப்பில் இதை எப்படி அறிவிப்பான் என்று முகத்திலேயே தெரிந்தது. உடனே அடுத்த கேள்வி: “அந்த ஹூலெனுக்கு ஒரு பையன் பிறந்து ஆட வந்தா?”

“மூணுன்னு போடணும். பாஸ்க்கில் மூணுக்கு ‘ஹிரு’. எராட்சுன் பக்கமெல்லாம் ஹகரத்தை முழுங்கிருவாங்க. காதில் ‘இரு’ன்னுதான் விழும்.”

“இருன்னா ரெண்டுல்லா மாமா?”

சேவியர் அண்ணாச்சி கிளாஸைக் கழுவிக்கொண்டே திரும்பினார். “நம்ம கடையில இருன்னா உக்காருன்னு அர்த்தம். பாய்லர் சூடாத்தான் இருக்கு. இன்னொண்ணு போடட்டா?”