ஒரே ஆவணம், இரண்டு கேள்விகள்

ஆங்கில இலக்கியத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தனிப் பட்டப்படிப்பு வேண்டும் என்ற கோரிக்கை 1887-ல் எழுந்தபோது, அதை எதிர்த்து முன்னால் நின்றவர் ஒரு வரலாற்றுப் பேராசிரியர்: எட்வர்ட் அகஸ்டஸ் ஃப்ரீமன். கவிஞர்களைப் பற்றிய பேச்சு வெறும் அரட்டையாகிவிடும், ரசனைக்குத் தேர்வு வைக்க முடியாது என்பது அவர் வாதம். 1892-ல் அவர் மறைந்த பிறகே ஆங்கிலத்துக்கு அங்கே தனி இடம் கிடைத்தது. இன்று அதே பல்கலைக்கழகம் வரலாறும் ஆங்கிலமும் சேர்ந்த மூன்றாண்டு பி.ஏ. பட்டம் வழங்குகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு இப்படித் தயங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தியக் கல்லூரி மாணவர்கள் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் படித்துத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். இலக்கியப் பாடம் காலனி ஆட்சிக்கு எப்படித் துணைபோனது என்பதை கௌரி விஸ்வநாதன் 1989-ல் வெளியான 'மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்' நூலில் ஆராய்ந்தார். அரசு ஆவணங்களையும் இலக்கியத்தையும் சேர்த்துப் படிக்கத் தெரியாத ஒருவரால் அந்த நூலை எழுதியிருக்கவே முடியாது.

வரலாறும் ஆங்கிலமும் சேர்ந்த இரட்டைப் பட்டம் என்றதும், இதில் பாதி, அதில் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றாம் ரிச்சர்டை எடுத்துக்கொண்டால் விஷயம் விளங்கும்.

இந்த இங்கிலாந்து மன்னர் 1485-ல் பாஸ்வொர்த் போரில் கொல்லப்பட்டார். அரியணை டியூடர் வம்சத்தின் ஏழாம் ஹென்றிக்குப் போனது. சுமார் நூறு ஆண்டுகள் கழித்து ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகத்தில் ரிச்சர்டு கூன் விழுந்தவர், சூம்பிய கை கொண்டவர், அண்ணன் பிள்ளைகளைக் கொல்லச் செய்தவர். 2012-ல் லெஸ்டர் நகரின் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் அவருடைய எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மை. கை சூம்பியிருந்ததற்கு அடையாளமே இல்லை.

அப்படியானால் அந்தக் கை எங்கிருந்து வந்தது? வரலாற்று மாணவர் மூலங்களைத் தேடிப் போவார். ஷேக்ஸ்பியருக்கு ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பு உதவியது. அதற்குப் பின்னால் தாமஸ் மோர் ரிச்சர்டைப் பற்றி எழுதிய நூல் இருக்கிறது. ரிச்சர்டு இறந்தபோது மோர் சுமார் ஏழு வயதுச் சிறுவன். பிறகு அவர் சிறிது காலம் வளர்ந்ததோ ரிச்சர்டின் எதிரியான ஜான் மார்ட்டனின் வீட்டில். நாடகம் மேடையேறிய நாளில் ஆட்சியிலிருந்த முதலாம் எலிசபெத், ரிச்சர்டை வென்ற ஹென்றியின் பேத்தி. சாட்சியத்தின் நம்பகம் இங்கே ஆட்டம் காண்கிறது.

இலக்கிய மாணவருக்கு வேறு வேலை. இத்தனை கொடியவனோடு பார்வையாளர் ஏன் ஒட்டிக்கொள்கிறார்? முதல் காட்சியிலேயே அவன் தனியாக வந்து தன் திட்டத்தை நம்மிடம் சொல்லிவிடுகிறான், நாம் கூட்டாளிகளாகிவிடுகிறோம். அந்தப் பேச்சின் வசீகரம்தான் பொய்யை நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைக்க வைத்தது. இந்த இரண்டு விசாரணைகளையும் ஒரே கட்டுரைக்குள் நடத்துவதுதான் இரட்டைப் பட்டத்தின் பயன். ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்தால் கதை பாதியில் நின்றுவிடும்.

படிப்பதோ எளிதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் ஆசிரியருக்கு முன்னால் இரண்டு மூன்று மாணவர்கள் மட்டுமே உட்காரும் டுடோரியல் வகுப்புக்கு அடிக்கடி கட்டுரை எழுதிக்கொண்டு போக வேண்டும். ஒரு வாரம் வரிப் பதிவேடுகளையும் கடிதங்களையும் ஒப்பிட்டு வாதம் கட்டிய மாணவர், அடுத்த வாரம் ஒரே கவிதையின் சந்தத்தில் மணிக்கணக்கில் ஊன்றி நிற்க வேண்டியிருக்கும். ஒரு பாடத்தை மட்டும் எடுத்தவர்கள் படிக்கும் தாள்கள் அத்தனையையும் இவர்களால் படிக்க முடியாது. அது உண்மையான இழப்பு.

யார்க், கிளாஸ்கோ பல்கலைக்கழகங்களிலும் இந்த இரட்டைப் பட்டம் உண்டு. ஸ்காட்லாந்து முறைப்படி கிளாஸ்கோவில் நான்கு ஆண்டுகள். விண்ணப்பிப்பவர் தரவரிசையைப் பார்க்கும் முன் பாடத்திட்டத்தைத் திறந்து, இரண்டு துறைகளும் சேர்ந்து நடத்தும் தாள் இருக்கிறதா, இறுதியாண்டு ஆய்வேட்டை இரண்டு துறைகளையும் இணைத்து எழுத அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். சில இடங்களில் இரண்டு துறைகளும் தனித்தனியாகவே ஓடும். அவற்றை இணைக்கும் வேலை முழுக்க மாணவர் தலையில்தான் விழும்.