ஆக்கினைத்தீர்ப்பும் ஒரு பிற்சேர்க்கையும் (ரோமர் 8:1-4)

நோயுற்றோர் படுக்கையருகிலும் அடக்க ஆராதனைகளிலும் நம் திருச்சபைகளில் மிகுதியாக வாசிக்கப்பெறும் பகுதிகளுள் ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரம் ஒன்றாகும். ஆறுதல் அளிக்கும் நோக்குடனேயே அதனை வாசிக்கின்றோம். ஆயினும் அதன் முதல் வசனமே சிலரை அச்சத்துக்குள்ளாக்குவதையும் ஊழியத்தில் கண்டிருக்கின்றோம். மூதாட்டி ஒருவரின் இறுதி நாட்களில் அவர் இல்லஞ்சென்று இவ்வதிகாரத்தை வாசிக்கத் தொடங்கினோம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆலயத்தைவிட்டு அகலாதவர் அவர். முதல் வசனம் முடிந்ததுமே கையசைத்து நிறுத்தி, "அது ஆவியின்படி நடந்தவங்களுக்குத்தானே ஐயா? நான் நடந்தேன்னு எந்த வாயாலே சொல்லுவேன்?" என்றார். தம் தங்கையோடு பல்லாண்டுகள் பேசாதிருந்து, ஒப்புரவாகுமுன் அத்தங்கை இறந்துபோனமை அவர் உள்ளத்தை உறுத்திக் கொண்டிருந்தது. அன்று நாம் கூறிய மறுமொழி அவருக்குப் போதுமானதாக இருக்கவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதையே இங்கு எழுத முற்படுகின்றோம்.

அவர் வசனத்தைத் தவறாக விளங்கிக்கொண்டார் என்று கூறிவிட முடியாது. 1871இல் முழுத் திருமறையாக வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பில் அவ்வசனம் இரு பகுதிகளை உடையது. கிறிஸ்துவுக்குள் இருப்போருக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்பது ஒன்று. அவர்கள் மாம்ச வழியில் நடவாது ஆவியின் வழியில் நடப்பவராதல் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது பகுதி கேட்போர் செவியில் நிபந்தனையாகவே விழுகின்றது. நடையைப் பார்த்துத்தான் தீர்ப்பு எனின், தன் நடையை அறிந்த எவர்தான் நடுங்காதிருப்பார்?

இவ்விரண்டாம் பகுதி மிகப் பழைய கிரேக்கப் படிகளில் இல்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் படியில் அது காணப்படவில்லை. அதே நூற்றாண்டின் சீனாய்ப் படியை எழுதியவரும் அதை எழுதவில்லை. பிற்காலத் திருத்துநர் ஒருவரே அதில் அதனைச் சேர்த்துள்ளார். ஐந்தாம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியப் படியிலோ பாதி மட்டும், அதாவது மாம்சத்தின்படி நடவாமையைக் குறிக்கும் சொற்கள் மட்டும், இடம்பெறுகின்றன. லத்தீன் வுல்காத்தாவும் அவ்வாறே. பிற்காலப் படிகளில்தான் இரு பாதிகளும் சேர்ந்து வருகின்றன. படிப்படியாக ஒரு வாக்கியம் வளர்ந்த கதையை இங்கே கண்கூடாகக் காண்கின்றோம். எராஸ்மு 1516இல் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாடு பிற்காலப் படிகள் சிலவற்றையே சார்ந்திருந்தது. அம்மரபு வழியே அச்சேர்க்கை 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் நம் பழைய தமிழ்த் திருமறையிலும் புகுந்தது. நம் மொழிபெயர்ப்பாளர்மீது குறை கூறுதல் முறையன்று. சீனாய்ப் படியே 1862இல்தான் அச்சேறியது. 1881இல் வந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பும், 1995இல் வெளிவந்த திருவிவிலியமும் அச்சேர்க்கையை விலக்கிவிட்டன.

அது எவ்வாறு வந்தது? நான்காம் வசனத்தின் இறுதியில் ஏறத்தாழ அதே சொற்கள் உள்ளன. படியெழுதுவோர் கண் அங்கே தாவியிருக்கலாம். அன்றேல், நிபந்தனையற்ற விடுதலையைக் கண்டு அஞ்சிய பக்தர் ஒருவர் அதற்கு வேலியிட எண்ணியிருக்கலாம். பிந்தியதே பொருத்தம் என்பது நம் கருத்து. பிரசங்க பீடத்தில் நாமே அவ்வேலியைப் பலமுறை இட்டிருக்கின்றோம்.

நான்காம் வசனத்தில் அச்சொற்கள் பவுலடிகளார் தாமே எழுதியவை. அவற்றை யாரும் நீக்க வேண்டுவதில்லை. இடத்தை மட்டும் கவனித்தல் வேண்டும். தேவன் தம் குமாரனை அனுப்பியதன் நோக்கத்தைக் கூறும் வாக்கியத்தில் அவை அமைந்துள்ளன. நியாயப்பிரமாணத்தின் நீதி நம்மில் நிறைவேறவே அவர் அதைச் செய்தார். அங்கே ஆவியின்படி நடத்தல் விடுதலையின் கனி. முதல் வசனத்துக்கு ஏற்றியபோது அதுவே விடுதலைக்கு விலையாகிவிட்டது. கனியை வேரில் கட்டினால் மரம் பிழைக்குமா?

இனி, 'ஆக்கினைத்தீர்ப்பு' என்னும் சொல்லைக் காண்போம். கிரேக்கத்தில் 'கட்டாக்ரிமா' என்பது புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில் மட்டுமே வருகின்றது: ரோமர் 5:16, 5:18, 8:1. நீதிபதியின் தீர்ப்பை மட்டுமன்றி, அதனைத் தொடரும் தண்டனையையும் அச்சொல் உள்ளடக்கும். தண்டனை எனப் பொருள்படும் 'ஆக்கினை'யையும் 'தீர்ப்பை'யும் இணைத்த நம் முன்னோரின் மொழியாக்கம் மிகப் பொருத்தமானது. ஐந்தாம் அதிகாரத்தில் ஆதாம் வழியாய் எல்லாரையும் சூழ்ந்த அத்தண்டனையைக் கூறிய அடிகளார், எட்டாம் அதிகாரத்தில் அதே சொல்லை எடுத்து, இப்பொழுது அது இல்லை என்கின்றார். கிரேக்க வாக்கியத்தில் இன்மையைக் குறிக்கும் சொல்லே முதலில் நிற்கின்றது.

அத்தண்டனை காற்றில் கரைந்துவிடவில்லை. மூன்றாம் வசனத்தில் அதே வேரிலிருந்து பிறந்த வினைச்சொல் வருகின்றது. தேவன் பாவத்தை, தம் குமாரன் எடுத்த மாம்சத்திலே, தண்டனைக்குட்படுத்தினார். தீர்ப்பு வழங்கப்பட்டாயிற்று, நிறைவேற்றப்பட்டும் ஆயிற்று. கிறிஸ்துவுக்குள் இருப்பவன் மேல் அதே வழக்கை மறுபடியும் தொடுக்க இடமில்லை. ஆகவேதான் 33, 34 வசனங்களில், குற்றஞ்சாட்டுவோர் யார், தண்டனை விதிப்போர் யார் என அடிகளார் துணிந்து வினவுகின்றார். குற்றஞ்சாட்டும் குரல் வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. நம் இருதயமே நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்தினும் பெரியவர் என்று யோவான் தம் முதல் நிருபத்தில் ஆறுதல் கூறுவது இதனாலன்றோ!

இங்ஙனம் போதித்தால் சபையார் துணிந்து பாவஞ்செய்வர் என்று நம் உடன் ஊழியர் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் புதிதன்று. பவுலடிகளார்மீதே அக்குற்றம் சுமத்தப்பட்டதை ரோமர் 3:8 காட்டுகின்றது. ஆறாம் அதிகாரத்தில் அவர் அதற்கு விடையிறுக்கின்றார். ஆனால் கிருபைக்கு ஒரு நிபந்தனையைச் சேர்த்து அவர் விடையிறுக்கவில்லை. ஞானஸ்நானத்தில் நீங்கள் கிறிஸ்துவோடு மரித்தீர்களே, மரித்தவன் பாவத்தில் எவ்வாறு பிழைப்பான் என்கின்றார். 1937இல் ஜெர்மனியில் மலிவான கிருபையைக் கண்டித்தெழுதிய போன்ஹோபரும், நாம் விலை செலுத்த வேண்டும் என்பதற்காகக் கிருபையை விலையேறப்பெற்றது என்று கூறவில்லை. தேவனுக்கு அது தம் குமாரனின் உயிரை விலையாகக் கொண்டது என்பதே அவர் காட்டிய முதற்காரணம். அவ்வாறு பெற்ற கிருபை மனிதனைப் பின்பற்றி நடக்க அழைக்கிறது.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் ஆண்டவர் பேசிய ஒழுங்கும் இதுவே: தண்டனை இல்லை என்பது முன்னும், இனிப் பாவஞ்செய்யாதே என்பது பின்னும் நிற்கின்றன. அப்பகுதியும் பழைய படிகளில் இல்லையே என்று நம் மாணவர் மடக்குவர். உண்மைதான், ஆகவே அதன்மேல் நம் வாதத்தைக் கட்டவில்லை. இப்பொருளை நிறுவ ரோமர் நிருபமே போதும்.

பழைய மொழிபெயர்ப்பையே மக்கள் மனப்பாடமாக அறிந்திருக்கும் சபைகளில் ஆயர் என் செய்வது? வாசிக்கும்போதே சொற்களை விழுங்கிவிடுதல் தகாது. சபையார் உடனே கண்டுகொள்வர், மனங்குழம்புவர். வேதபாட வகுப்பில் இப்பிற்சேர்க்கையின் வரலாற்றை ஒருமுறை பொறுமையாக விளக்கலாம். நோயாளியருகில் அதற்கு நேரமில்லை. அங்கே ஏழாம் அதிகாரத்தின் இறுதியிலிருந்து தொடங்கி, தன்னை விடுவிப்பவர் யார் எனக் கதறும் மனிதனின் குரலை முதலில் வாசித்து, நிறுத்தாது எட்டாம் அதிகாரத்தின் நான்காம் வசனம் வரை செல்லுதல் நலம். அதிகாரப் பிரிவு பவுலடிகளார் இட்டதன்று. அக்கதறலுக்கு வந்த மறுமொழியாகவே முதல் வசனம் அப்போது காதில் விழும். நாம் அன்று முதல் வசனத்தோடு நின்றுவிட்டோம்.